எலும்பு, நரம்பு பிசியோதெரபி: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் மாவட்டத்தில் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். அதற்கு முன் கோவையில் ஒரு மருத்துவமனையில் முதலில் எலும்புப் பிரிவிலும் அப்புறம் நரம்புப் பிரிவிலும் இருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையோடு வரும் பெற்றோர் சில கேள்விகள் கேட்பார்கள். பக்கவாதம் வந்த அப்பாவைக் கூட்டி வரும் மகன் வேறு கேள்விகள் கேட்பார். இரண்டையும் வேண்டுமென்றே கலந்து வைத்திருக்கிறேன். இந்தப் படிப்புக்கு வர நினைப்பவர் நோயாளியின் கேள்வியையும் படிக்கட்டும்.

பிசியோதெரபிஸ்ட் என்றால் கரண்ட் வைத்து, நீவி விடுபவர்தானே?

அதுவும் செய்வோம், ஆனால் அது வேலையில் சின்னப் பங்கு. எந்தத் தசை எவ்வளவு பலமாக இருக்கிறது என்று 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவது, மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கோனியோமீட்டரால் அளப்பது, தொடு உணர்ச்சி எங்கே குறைந்திருக்கிறது என்று பார்ப்பது, நடையைக் கவனிப்பது, இதிலிருந்து இந்த ஆளால் இப்போது எது முடியும், அடுத்த வாரம் எது முடிய வேண்டும் என்று முடிவு செய்வது. வேலை அங்கேதான் இருக்கிறது. கடைசியில் உடற்பயிற்சியைச் செய்யப்போவது நோயாளி. அவரைச் செய்ய வைப்பதுதான் எங்கள் பாடு.

என்ன படிக்க வேண்டும்? எங்கே படிக்கலாம்?

பி.பி.டி. என்ற இளநிலை பிசியோதெரபிப் பட்டம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். இதுவரை நான்கு வருடப் படிப்பும் ஆறு மாதப் பயிற்சியுமாக நாலரை வருடம் இருந்தது. மருத்துவம் சார்ந்த தொழில்களுக்காக 2021-ல் வந்த தேசியச் சட்டத்தின்படி அமைந்த ஆணையம் 2025-ல் வெளியிட்ட புதிய பாடத்திட்டம் இதை 5 வருடமாக்குகிறது. அதில் கடைசி ஒரு வருடம் மருத்துவமனைப் பயிற்சி. சேர்க்கை விதிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன, அதனால் அண்ணன் சேர்ந்தபோது எப்படி இருந்தது என்று கேட்காமல் இந்த வருட அறிவிப்பைப் பாருங்கள். மேலே எம்.பி.டி. என்ற முதுநிலைப் பட்டம் இரண்டு வருடம். அங்கேதான் எலும்பு, நரம்பு, விளையாட்டு, இதயம் என்று பிரிகிறது.

கோவையில் பி.எஸ்.ஜி., ராமகிருஷ்ணா, கே.ஜி., கே.எம்.சி.எச். என்று சொந்த மருத்துவமனையோடு இருக்கும் கல்லூரிகள் உண்டு. ஈரோடு, சேலம் பக்கமும் கல்லூரிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் பெரும்பாலானவை கிண்டியிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மூன்றாம் வருடத்திலிருந்து பிள்ளைகளை எந்த வார்டுக்கு அனுப்புகிறார்கள், அங்கே எத்தனை படுக்கை, நரம்பியல் ஐ.சி.யு.வுக்குள் விடுவார்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

எலும்பா, நரம்பா? எதில் போனால் நல்லது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்.

எலும்புப் பிரிவில் பாதை ஓரளவு போடப்பட்டிருக்கும். முழங்கால் ஜவ்வு அறுவை முடிந்தவருக்கு எந்த வாரம் எவ்வளவு மடக்கலாம், எப்போது ஊன்றுகோலை விடலாம், எப்போது ஓடலாம் என்று அறுவை மருத்துவரின் திட்டம் இருக்கும். நோயாளி பெரும்பாலும் வேலைக்குத் திரும்ப அவசரப்படுபவர், சொன்னதைச் செய்வார். சில வாரங்களில் பலன் தெரியும், பெயரும் பரவும், வருமானமும் முதலில் இங்கேதான் வரும். அதற்காக இது சுலபம் என்று நினைக்க வேண்டாம். கோவை கங்கா மருத்துவமனை மருத்துவர்கள் திறந்த எலும்பு முறிவுக்கு ஒரு மதிப்பெண் முறையை வகுத்து 2006-ல் வெளியிட்டார்கள். தோல், எலும்பு, தசைநாரும் நரம்பும் என்று மூன்றையும் தனித்தனியாக மதிப்பிட்டு, நசுங்கிய காலைக் காப்பாற்றலாமா எடுக்க வேண்டுமா என்று முடிவு செய்ய உதவும் முறை அது. அப்படிக் காப்பாற்றப்பட்ட ஒரு காலை அவிநாசி ரோட்டில் மறுபடி நடக்க வைக்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அந்த வருடம் பிசியோவுடையது.

நரம்புப் பிரிவில் கணக்கே வேறு. கட்டில் விளிம்பில் பிடிமானம் இல்லாமல் பத்து விநாடி உட்கார்ந்தார் என்றால் அன்றைக்கு அது பெரிய சேதி. வீட்டாருக்கு அது சேதியாகவே தெரியாது, ‘நடப்பாருங்களா?’ என்றுதான் கேட்பார்கள். ஒரே குடும்பத்தோடு மாதக்கணக்கில் பழக வேண்டும், அழுகையையும் கோபத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் எல்லாமே மெதுவாகத்தான் நகரும் என்றும் இல்லை. படுத்துத் திரும்பினால் வீடே சுற்றுகிறது என்று வருபவருக்கு, உள்காதில் இடம் மாறிய துகள்தான் காரணம் என்று சோதனையில் உறுதியானால், தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படுக்க வைக்கும் முறையால் பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகிவிடும். மந்திரம் போட்ட மாதிரி பார்ப்பார்கள். வருடத்தில் சில நாள் அந்தப் பார்வையும் வேண்டியிருக்கிறது.

என் கருத்து: முதல் இரண்டு மூன்று வருடம் இரண்டையும் செய்யுங்கள், ஏனென்றால் நோயாளி பிரிவு பார்த்து வருவதில்லை. இடுப்பெலும்பு உடைந்து வரும் அப்பத்தாவுக்குப் பார்க்கின்சனும் இருக்கும். பக்கவாதம் வந்தவருக்குத் தோள் இறுகிப் போயிருக்கும். குறுக்கு வலி, அதாவது அடிமுதுகு வலி என்று வருகிறவருக்குப் பாதம் தொங்கும். அதைவிட முக்கியமாக, குறுக்கு வலியோடு சிறுநீர் பிரியவில்லை, ஆசனவாயைச் சுற்றி மரத்துப் போயிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவருக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கக் கூடாது. அந்த மணி நேரமே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் நரம்புக் கற்றை நசுங்குகிற அறிகுறி அது. நரம்பு தெரியாமல் எலும்பு மட்டும் பார்க்கிறவர் இதைத் தவறவிட்டால் அந்த ஆளுக்கு ஆயுளுக்கும் நஷ்டம்.

நம்ம ஊரில் எப்படிப்பட்ட நோயாளிகள் வருவார்கள்?

ஊர் செய்கிற வேலை என்னவோ அதுதான் வலியாக வரும். திருப்பூரில் பவர் டேபிள், ஓவர்லாக் என்ற தையல் மெஷின்களில் உட்காருகிறவர்களுக்குக் கழுத்தும் நடு முதுகும். ஒன்றரை ஷிப்ட் முழுக்கத் தலை குனிந்தே இருக்கும். பீஸ் ரேட், அதாவது தைத்த துண்டுக்கு இவ்வளவு என்று கூலி என்றால் எழுந்து நடக்கவும் மனசு வராது. அவர்களிடம் அரை மணி நேரம் உடற்பயிற்சி செய்யுங்கள் என்றால் நடக்காது. பண்டல் மாற்றும்போது இரண்டு தடவை தோளைப் பின்னால் இழுங்கள் என்றால் செய்வார்கள். சோமனூர், பல்லடம் விசைத்தறியில் நின்றும் நடந்தும் வேலை, அதனால் முழங்காலும் குதிகாலும். சங்ககிரி, நாமக்கல் லாரி ஓட்டுநருக்குக் குறுக்கு. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் (ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி) போகிறவருக்குத் தோளும் குறுக்கும். தோட்டத்தில் குத்த வைத்துப் பால் பீய்ச்சி, களை எடுத்துப் பழகிய அம்மாக்களுக்கு மூட்டுத் தேய்மானம்.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னையிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டவர்கள் வருவார்கள். வயது முப்பது நாற்பது, வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவராகவே இருப்பார். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள், பைக்கில் நடுவே உட்கார வைத்தோ கார் பின் சீட்டில் மடக்கிப் போட்டோ கொண்டு போகாதீர்கள். அப்படியே படுக்க விட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். உடைந்த முதுகெலும்பு, தூக்கும்போது தண்டுவடத்தை மேலும் நசுக்கக்கூடும்.

கட்டுப் போட்டுவிட்டு வருகிறவர்களைத் திட்டுவீர்களா?

திட்டினால் அடுத்த தடவை சொல்லாமல் மறைப்பார்கள். எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியசாலையில் போடும் கட்டு என்பது இந்தப் பக்கம் தலைமுறைப் பழக்கம். விலகாத சின்ன முறிவு எப்படி இருந்தாலும் கூடிவிடும், கட்டுக்குப் பெயர் கிடைத்துவிடும். நான் சொல்வது இரண்டே. முதலில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அப்புறம், கட்டுக்குக் கீழே விரல் வெளுத்தோ மரத்தோ போனால், வலி நேரம் ஆக ஆகக் கூடினால், விரலை நீட்டிவிட்டால் துடித்தால், ராத்திரி என்றும் பார்க்காமல் கட்டைப் பிரித்து மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். குழந்தையின் முழங்கை என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அடிபட்ட முழங்கையை எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து கை மடங்காமல் போகலாம். பிசியோவே அவசரப்பட்டு வலிக்க வலிக்க மடக்கினாலும் அதேதான்.

பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. இனிமேல் கை வராதுங்களா?

‘மூணு மாசத்துல வந்தா உண்டு, இல்லீனா இல்ல’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், ஆறு மாதம் வரை கணிசமாகத் தொடரும். அதற்குப் பிறகு வேகம் குறையும், கதவு சாத்திக்கொள்ளாது.

2006-ல் அமெரிக்காவில் எக்ஸைட் என்ற ஆய்வு வந்தது. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேரை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பிரிவினருக்கு நல்ல கையில் உறை மாட்டிவிட்டு, பலவீனமான கையையே இரண்டு வாரம் வேலை வாங்கினார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட அவர்களுடைய கை கூடுதலாக முன்னேறியது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது தானாக நிமிருகிறவர்களுக்குத்தான் இது பொருந்தும், எல்லோருக்கும் அல்ல. ஆனால் அடிப்படை எல்லோருக்கும் ஒன்றே: பயன்படுத்தாத கையை மூளை மறந்துகொண்டே போகும். நல்ல கை எல்லா வேலையையும் பறித்துக்கொள்ளும்.

நம் வீடுகளில் நல்ல கைக்குக்கூட வேலை இருக்காது. மருமகள் ஊட்டிவிடுவார், பேரன் சட்டை மாட்டிவிடுவான், சொந்தக்காரர் யாராவது வந்தால் ‘பாவம், படுங்க சாமி’ என்பார்கள். பாசம்தான். அந்தப் பாசத்தோடுதான் நான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். கிளினிக்கில் ஒரு மணி நேரம் செய்வது, மீதி இருபத்து மூன்று மணி நேரம் சும்மா இருந்தால் கரைந்துவிடும். சட்டைப் பொத்தானை அவரே போட இருபது நிமிடம் ஆகிறதா? ஆகட்டும். அதுவும் பயிற்சிதான், அதற்கு என் பீஸ் கிடையாது.

அவசரமும் ஆகாது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே தீவிரமாக எழுப்பி நடமாட வைத்தால் நல்லதா என்று ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் பார்த்த அவெர்ட் ஆய்வு 2015-ல் வெளியானது. அப்படிச் செய்தவர்களுக்குப் பலன் கூடவில்லை, மூன்று மாதத்தில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் சற்றுக் குறைவாகவே இருந்தார்கள். முதல் நாளே இழுத்து நடக்க வைக்கச் சொல்லிச் சண்டை போடும் உறவினர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வீட்டில் செய்யவே கூடாதவை?

பலவீனமான கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோளைத் தாங்கும் தசை தளர்ந்திருப்பதால் மூட்டு இறங்கிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் போகாது. உணர்ச்சி குறைந்த கை காலில் சுடுதண்ணீர்ப் பை, வறுத்த உப்பு ஒத்தடம் வேண்டாம். சுடுவது அவருக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும். விரல்கள் ஏற்கெனவே மடங்கி இறுகியிருப்பவர் கையில் ஸ்பாஞ்சுப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லாதீர்கள். அவருக்குத் தேவை விரிப்பது. எழ முடியாதவர் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது திருப்பிப் படுக்க வையுங்கள்.

மறுபடியும் பக்கவாதம் வந்தால்?

முகம் கோணினால், கை இறங்கினால், பேச்சு குழறினால் எங்களிடம் வராதீர்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம், மூளை ஸ்கேனும் அந்த ஊசியும் உள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு வள்ளி கும்மி ஆடலாமா? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கலாமா?

சிரிக்காதீர்கள், இந்தக் கேள்வி வாராவாரம் வருகிறது. ஐம்பது தாண்டிய பெண்கள் ஊர் ஊராகக் கும்மி ஆடுகிற காலம் இது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

முதலில் முழங்கால் நேராக நீளட்டும். எல்லோரும் மடக்குவதையே கணக்குப் பார்க்கிறார்கள். நீளாத முழங்கால்தான் நொண்ட வைக்கும். வலிக்கு இதமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பதை அறவே விடுங்கள், வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். அறுவை நடந்த நாளோ அடுத்த நாளோ வாக்கரோடு நிற்க வைப்பார்கள், பயப்பட வேண்டாம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால் நீவாதீர்கள். ரத்தக் கட்டியாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள்.

கும்மிக்கு வருவோம். மெதுவாக அடி வைத்து ஆடுகிற வரிசைகளை, தசை பலம் திரும்பி அறுவை மருத்துவரும் சரி என்ற பிறகு ஆடலாம். குதித்துத் திரும்புகிற அடவுகளை விட்டுவிட்டு ஓரமாக நின்று கை தட்டுங்கள். பழனி நடை என்றால் நடப்பதில் தவறில்லை, ஒரே வாரத்தில் தயாராகலாம் என்று நினைப்பதுதான் தவறு. இரண்டு மாதம் முன்பே தினமும் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வாருங்கள். சர்க்கரை இருந்து பாதம் மரத்துப் போனவர்கள் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடக்கவே வேண்டாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

‘ஏனுங்க, கரண்டு வெக்காம அனுப்பறீங்க?’

வலியைச் சில மணி நேரம் மட்டுப்படுத்த டென்ஸ் என்ற கரண்ட் மெஷின் உதவும், அதற்காக வைப்பேன். அல்ட்ராசவுண்டுக்குக் குறுக்கு வலியில் பலன் இருப்பதாக ஆய்வுகள் பெரிதாகக் காட்டவில்லை. இருந்தும் பல கிளினிக்குகளில் எல்லோருக்கும் எல்லா மெஷினும் வைப்பது வழக்கமாகிவிட்டது, ஏனென்றால் மெஷின் இருந்தால்தான் காசு கொடுத்தது வீண் போகவில்லை என்று தோன்றுகிறது. படுத்துத் தூங்கிய அரை மணி நேரத்தில் தசை பலமாகாது. இதைச் சொல்வதால் சில நோயாளிகள் வேறு இடம் போய்விடுகிறார்கள், போகட்டும்.

பெண்களுக்கு ஏற்ற வேலையா?

படிக்க வருபவர்களில் நிறையப் பேர் பெண்கள்தான். ஆளைத் தூக்குவதில் பலத்தைவிட உத்தி முக்கியம்: இடுப்பில் பெல்ட், முழங்காலை முட்டுக் கொடுத்தல், கட்டில் உயரம். வீட்டு விசிட் என்றால் நேரம், இடம், வீட்டில் யார் இருப்பார்கள் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சம்பளம்? அரசு வேலை? வெளிநாடு?

ஆரம்பத்தில் குறைவு, மறைக்க ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் புதிதாக வருகிறவருக்குப் பல இடங்களில் மாதம் 15 ஆயிரத்தை ஒட்டித்தான் கொடுக்கிறார்கள். காலையிலும் மாலையிலும் வீட்டு விசிட் சேர்த்துத்தான் சமாளிப்பார்கள். ஐந்தாறு வருடத்தில் கை தேர்ந்து, ஊரில் பெயர் வந்தால் நிலைமை மாறும்.

அரசு மருத்துவமனைப் பணியிடங்கள் குறைவு. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே போய் பிசியோதெரபி கொடுப்பதும் சேர்ந்திருக்கிறது. சம்பளத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தால் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. கயிற்றுக் கட்டிலையும் வாசல்படியையும் வைத்துக்கொண்டு சிகிச்சை செய்யக் கற்றுக்கொள்வீர்கள்.

வெளிநாடு என்றால், அமெரிக்காவில் இந்தப் பட்டத்தை மதிப்பீடு செய்யக் கொடுத்து, தேசியத் தேர்வு எழுதி, மாநில உரிமம் வாங்க வேண்டும். அங்கே இப்போது தொழிலுக்கான அடிப்படைப் பட்டமே முனைவர் நிலையில் இருப்பதால் கூடுதலாகப் படிக்க வேண்டி வரலாம். பிரிட்டனில் எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவு, வளைகுடாவில் அந்தந்த நாட்டு உரிமத் தேர்வு.

பெயருக்கு முன்னால் டாக்டர் போடலாமா?

2025 செப்டம்பர் 9-ல் மத்திய சுகாதாரப் பணிகள் இயக்குநரகம் போடக் கூடாது என்று கடிதம் அனுப்பி, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. புதிய பாடத்திட்டம் பெயருக்குப் பின்னால் பி.டி. (பிசியோதெரபிஸ்ட்) என்று சேர்த்து டாக்டர் போடலாம் என்கிறது. இதில் இவ்வளவு ஆற்றலைச் செலவிட எனக்கு விருப்பமில்லை. மருந்துச் சீட்டு எழுதாமல் இருந்தால் போதும்.

குணமாகாது என்று தெரிந்தால் நோயாளியிடம் சொல்வீர்களா?

தண்டுவடம் முழுமையாக அடிபட்டவர், காயத்துக்குக் கீழே உணர்ச்சியோ அசைவோ துளியும் திரும்பாமல் மாதங்கள் கடந்தவர், நேராகக் கேட்டால் சொல்வேன். முதல் வாரத்தில் சொல்ல மாட்டேன். அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. சொல்லும்போது வெறுங்கையோடு சொல்லக் கூடாது. சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தானே மாறுவது, படுக்கைப் புண் வராமல் அடிக்கடி கையை ஊன்றி இடுப்பைத் தூக்குவது, சிறுநீரைக் குழாய் வைத்து நேரத்துக்கு எடுப்பது, இதெல்லாம் கற்றால் தேங்காய் மண்டிக் கணக்கை உட்கார்ந்து பார்க்கலாம் என்று அடுத்த வேலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ‘நடக்க வெச்சுக் காட்டறோம்’ என்று லட்சக்கணக்கில் வாங்கும் இடங்களுக்கு நிலத்தை விற்றுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் நேரத்தில் உண்மை சொல்லாததுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம்.

முதல் தடவை வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே அல்லது ஸ்கேன், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை. முழங்கால் தெரிகிற மாதிரித் தளர்ந்த உடை, வழக்கமாகப் போடும் செருப்பு. கார் ஓட்டி வரும் மகன் மட்டும் வந்தால் போதாது, காலையில் நோயாளியைக் கக்கூசுக்குக் கூட்டிப் போகிறவர் யாரோ அவரும் வரட்டும். கட்டில் உயரத்தையும் கக்கூஸ் வாசல் அகலத்தையும் டேப் வைத்து அளந்து எழுதி வாருங்கள், வாக்கர் உள்ளே நுழையுமா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.